தொட்டி டால்பினும் கடல் டால்பினும்: எதற்கு ஆயுசு கெட்டி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் முப்பது வருடம் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதிர்வீட்டு ஆச்சி சிங்கப்பூரில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தார். வந்த மறுநாளே திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, "சார், அங்க டால்பின் பார்த்தோம். வேளாவேளைக்கு மீனு, பக்கத்துலயே டாக்டரு, சுத்தமான தண்ணி. கடல்ல கெடந்து சுறாகிட்ட கடிபடுறதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா?" என்றார். கூட வந்திருந்த பேத்தி விடவில்லை. "இல்ல அப்பத்தா, தொட்டியில போட்டா பாதி ஆயுசுலயே செத்துப்போயிரும்" என்றாள். இரண்டு பேருமே எங்கேயோ கேட்டதைத்தான் சொன்னார்கள். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. நாங்கள் கடல் கொண்ட பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அப்படி வந்தவர்கள் பார்த்துப் பார்த்துக் கடல் தெரியாத செம்மண் பூமியில் வீடு கட்டினார்கள். ஆனாலும் கடல் சமாசாரம் என்றால் காது நீண்டுவிடும். கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். ஐந்தொகை, அதாவது கடையின் மொத்த வரவுசெலவுக் கணக்கு, கையில் வந்தால் அவர் முதலில் கூட்டல் சரியா என்று பார்க்க மாட்டாராம். குறிப்பில் எழுதிப் பேரேட்டுக்கு ஏறாமல் போன வரி ஏதாவது உண்டா என்றுதான் தேடுவாராம். டால்பின் ஆயுள் கணக்கையும் நான் அப்படித்தான் படித்தேன்.

டால்பின் எத்தனை வருடம் வாழும்?

எந்த டால்பின் என்பதைப் பொறுத்தது. இந்தக் குடும்பத்தில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான இனங்கள் இருக்கின்றன. காட்சித் தொட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஒரே இனம்தான்: பாட்டில்மூக்கு டால்பின். சினிமாவில், பிஸ்கட் பாக்கெட்டில், பள்ளிக்கூடச் சுவரில் பார்ப்பதெல்லாம் அதுதான். இங்கே வேறு பெயர் சொல்லாத இடங்களில் அதையே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் அதன் உச்ச வயது அறுபதுக்கு மேல். ஃபுளோரிடாவில் சரசோட்டா விரிகுடா என்ற இடத்தில் 1970 முதல் ஒரே டால்பின் கூட்டத்தை விடாமல் பின்தொடர்கிறார்கள். முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டு, கிழிசலை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் தெரியும். யார் மகள், யார் பேத்தி என்பதும் தெரியும். 1950இல் பிறந்த நிக்லோ என்ற பெண் டால்பினை அங்கே அறுபதைத் தாண்டிய வயதிலும் பார்த்திருக்கிறார்கள். ஆண்கள் பொதுவாக முன்னதாகவே போய்விடும். நம் தெருவிலும் ஆச்சிகள்தானே அதிகம்.

ஆனால் உச்ச வயது வேறு, சராசரி வேறு. அறுபதைத் தொடுவது அபூர்வம். பிறப்பதில் பெரும்பங்கு சின்ன வயதிலேயே போய்விடும்.

கடலில் திரிவதற்கு வயது எப்படிச் சொல்கிறார்கள்? பிறப்புச் சான்றிதழா இருக்கிறது?

பல்லில் இருக்கிறது. டால்பினுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே வரிசைப் பல்தான், நம்மைப் போல் விழுந்து முளைப்பதில்லை. பல்லுக்குள் வருடத்துக்கு ஒரு படலம் படியும். ஒரு பல்லை எடுத்து, மெல்லியதாகச் சீவி, அமிலத்தில் நனைத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் வளையம் போல் எண்ணலாம். உயிரோடு இருக்கும் டால்பினுக்கும் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு பல்லை எடுத்து வயது பார்த்திருக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போயிருந்தோம். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் செத்த டால்பின் ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அங்கே அதை ஓங்கல் என்பார்கள். நான் குனிந்து வாயைப் பார்த்தேன். கூராக இருக்கவேண்டிய பற்கள் பல்லாங்குழிச் சோழி மாதிரி மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன. வால் பக்கம் நூல் அறுத்த கோடு, சுற்றிலும், கத்தியால் கீறியது போல. பக்கத்தில் நின்ற பெரியவர், "கெழடு சார். வலையில மாட்டி மேல வந்து மூச்சுவிட முடியாமப் போயிருக்கும்" என்றார். அந்த ஒரு உடம்பில் இரண்டு செய்தியும் இருந்தன: கடலில் கிழடாகும் வரை வாழலாம், அப்படி வாழ்ந்தது வலையிலும் சாகலாம்.

சரி, தொட்டியில் அதிக நாள் வாழுமா, கடலில் அதிக நாள் வாழுமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பாட்டில்மூக்கு டால்பினுக்கு, இன்றைக்கு நல்லபடியாக நடக்கும் இடங்களில், ஏறத்தாழ சமம் அல்லது தொட்டியில் கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்தில் தொட்டியில் குறைவு. டால்பின் குடும்பத்தின் பெரிய இனமான ஆர்க்காவுக்குக் கடல்தான்.

அப்புறம் ஏன் ஒருத்தர் "இரண்டு மடங்கு வாழும்" என்கிறார், இன்னொருத்தர் "பாதியில் செத்துப்போகும்" என்கிறார்?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐயா வேலைபார்த்த மாதிரி ஒரு கடை, திறந்து ஐந்தே வருடம் ஆகிறது என்று வையுங்கள். "உங்கள் கடன்கள் சராசரியாக எத்தனை நாளில் முடிகின்றன?" என்று கேட்கிறார்கள். முடிந்த கணக்குகளை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் பத்து மாதம், ஒரு வருடம் என்று வரும். ஏனென்றால் இருபது வருடக் கெடுவில் கொடுத்ததெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடிந்த கணக்கில் வராது. தொட்டியில் இறந்த டால்பின்களின் வயதை மட்டும் கூட்டி வகுத்தாலும் இதே கதைதான். இளசுகள் நிறைந்த கூட்டத்தில் இறப்பவையும் இளசாகத்தான் இருக்கும். உயிரோடு இருப்பவற்றின் வயதைக் கணக்கில் சேர்க்காமல் "பாதி ஆயுசு" என்று சொல்லிவிடுகிறார்கள். பேத்தி கேட்டது இந்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. கடலில் பிறந்த குட்டியிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு, தொட்டிப் பக்கம் ஒரு வயது தாண்டியவற்றை மட்டும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து "பாருங்கள், இரண்டு மடங்கு" என்பார்கள். ஒரு தட்டில் உமியோடு நெல், இன்னொரு தட்டில் தீட்டிய அரிசி.

ஆய்வாளர்கள் இதற்குப் பதிலாகப் பார்ப்பது வருடாந்தரப் பிழைப்பு விகிதம். வருட ஆரம்பத்தில் நூறு டால்பின் இருந்தால் வருடக் கடைசியில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான். 1995இல் அமெரிக்கக் காட்சியகங்களின் பதிவேடுகளை வைத்து வந்த ஆய்வில், குட்டிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 95. சரசோட்டாக் கடல் கூட்டத்துக்கு அப்போது இருந்த எண் ஏறத்தாழ 96. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றே அந்த ஆய்வு சொன்னது. 2019இல் வந்த ஆய்வில் தொட்டிக்கு 97 வந்தது, சராசரி ஆயுள் 28, 29 வருடம் என்று போட்டிருந்தார்கள். அதை எழுதிய இருவரில் ஒருவர் டால்பின் வைத்திருக்கும் ஒரு நிலையத்தைச் சேர்ந்தவர். அதனால் கணக்கு பொய் என்று ஆகிவிடாது, ஆனால் கடைக்காரர் எழுதிய ஐந்தொகை என்பதை மனதில் வைத்துப் படிக்கவேண்டும்.

95க்கும் 97க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். செட்டிநாட்டுக்காரருக்கு நான் கூட்டுவட்டி சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு டால்பின் வருடத்துக்கு 95 வீதம் தங்கினால் பத்து வருடத்தில் 60 இருக்கும், இருபது வருடத்தில் 36. 96 என்றால் 66, 44. 97 என்றால் 74, 54. முதல் வருடம் கண்ணுக்கே தெரியாத ஒன்று இரண்டு சதவீதம், இருபதாம் வருடம் பதினெட்டு டால்பினைத் தின்றுவிடுகிறது.

இன்னொன்று. கடல் என்று ஒரே கடல் கிடையாது. சரசோட்டா பாதுகாப்பான, ஆழம் குறைந்த விரிகுடா. வேறு இடத்து எண்ணை எடுத்தால் வேறு விடை வரும். தொட்டியும் அப்படித்தான்.

அந்தக் கணக்கில் ஏறாத வரி என்ன?

பிடிக்கும்போது சாவது. தொட்டிக்கு வந்துசேர்ந்த பிறகுதான் ஒரு டால்பினுக்குப் பதிவேட்டில் வரி விழும். வலைக்குள் மூச்சுத் திணறியது, கரையில் இழுபட்டது, தாய் போனபின் தனியாக விடப்பட்ட குட்டி, இவை எந்தச் சதவீதத்திலும் இல்லை.

ஆர்க்காக்களில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற இடத்தில் ஒரு பெரிய கூட்டத்தை வலையால் வளைத்தார்கள். ஏழு இளசுகளைக் காட்சியகங்களுக்கு விற்றார்கள். ஐந்து மூழ்கி இறந்தன, அதில் நான்கு குட்டிகள். வெளியே தெரியாமல் இருக்கப் பிணங்களில் கனம் கட்டிக் கடலுக்குள் அனுப்பினார்கள். சில மாதத்தில் அவை கரை ஒதுங்கியபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. தொட்டி ஆர்க்காக்களின் பிழைப்பு விகிதம் என்று எந்த அட்டவணையைப் பார்த்தாலும் அந்த ஐந்தும் அதில் இருக்காது.

வந்துசேர்ந்த பிறகும் முதல் ஒன்றரை மாதம் கண்டம். கடலிலிருந்து பிடித்துவந்த பாட்டில்மூக்கு டால்பின்களுக்கு அந்த நாட்களில் சாவு அபாயம் சுமார் ஆறு மடங்கு ஏறுகிறது என்று 1990களில் கணக்கிட்டார்கள். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றினாலும் மறுபடி ஏறுகிறது. ஆண்டு விகிதம் போடும்போது இந்தப் பழகும் நாட்களைக் கழித்துவிட்டுப் போடுவது வழக்கம். ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதியிருப்பார்கள். விளம்பரப் பலகைக்கு வரும்போதுதான் அந்த வரி உதிர்ந்துவிடுகிறது.

குட்டிகள்?

கடலிலும் நிலைமை மோசம்தான். ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே என்ற இடத்தில் மூன்று வயதுக்குள் நூற்றுக்கு 44 குட்டிகள் போய்விடுவதாகக் கண்டார்கள். பெயரே சுறா விரிகுடா. சரசோட்டாவில் தலைச்சன் குட்டிகள் அதிகம் தங்குவதில்லை. அதற்கு ஒரு காரணமாகச் சொல்வது கொஞ்சம் கலக்கமானது: தொழிற்சாலைக் கழிவு நஞ்சு தாயின் கொழுப்பில் பல வருடமாகச் சேர்ந்திருக்கும், முதல் குட்டிக்குக் கொடுக்கும் பாலோடு அதில் பெரும்பகுதி இறங்கிவிடும். அடுத்த குட்டிக்கு அவ்வளவு போகாது.

தொட்டியில் பிறக்கும் குட்டிகள் தொடக்க காலத்தில் மளமளவென்று இறந்தன. இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2023இல் பனிக்கரடி, கடல்நாய், கடற்சிங்கம், பாட்டில்மூக்கு டால்பின் ஆகிய நான்கின் நீண்டகாலப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. முதல் வருடச் சாவு குறைந்ததும் ஆயுள் கூடியதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆச்சி சொன்ன டாக்டரும் சுத்தமான தண்ணியும் வேலை செய்யத்தான் செய்கின்றன.

வேளாவேளைக்கு மீன் கிடைக்கிறதே, பிறகு தொட்டியில் எதனால் சாகிறது?

அதிகம் நுரையீரலால். நிமோனியா, கிருமித் தொற்று, பூஞ்சை. மூடிய இடத்தில், ஒரே காற்றை, ஒரே தண்ணீரின் மேற்பரப்பில் மூச்சுவாங்குகிற பிராணி. பார்வையாளர்கள் போடும் நாணயம், பிளாஸ்டிக்கை விழுங்கிச் செத்ததும் உண்டு. வயிற்றுப்புண் சாதாரணம். கூட்டத்தில் ஒத்துப்போகாததுடன் அடைத்துவைத்தால் சண்டை. கடலில் என்றால் தோற்றது விலகி ஓடிவிடும், தொட்டியில் வட்டம் அடித்துத் திரும்ப அங்கேயே வரவேண்டும்.

மீனிலும் ஒரு சங்கதி. நம் சந்தைக்குத் தொண்டியிலிருந்து வரும் மீனில் காலையில் வருவதற்கும் ஐஸில் இரண்டு நாள் கிடந்ததற்கும் ருசி வித்தியாசம் தெரியாதவர் யார்? தொட்டி டால்பினுக்குப் போடுவது உறையவைத்து இளக்கிய மீன். உறைந்து கிடக்கையில் தயமின் என்ற வைட்டமின் பி1 அழிந்துவிடும், அதனால் மீனின் செவுளுக்குள் மாத்திரையைச் செருகிக் கொடுக்கிறார்கள். டால்பின் கடல்நீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை, அதற்கு வேண்டிய தண்ணீர் இரையிலிருந்தே வரவேண்டும். உறைந்த மீனில் ஈரம் குறைவு, ஆகவே ஜெலட்டின் கட்டிகள் வேறு. இவ்வளவு பாடுபட்டுத்தான் அந்த 97 வருகிறது.

கடலில்?

வலை, முதலில் வலை. பிறகு சுறா, படகு, பட்டினி, நோய். 1987–88இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தட்டம்மை வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் எழுநூறுக்கும் மேற்பட்ட டால்பின்களைக் கரையில் கொண்டுவந்து போட்டது. 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு லூசியானாவின் பராடாரியா விரிகுடாவில் சினையாக இருந்த டால்பின்களில் ஐந்தில் ஒன்றுதான் குட்டியைத் தக்கவைத்தது. ஆக, கடல் என்றதும் மனிதர் கைபடாத இடம் என்று நினைக்கக்கூடாது. தொட்டியையும் கடலையும் ஒப்பிடுகிறோம் என்கிறோம், உண்மையில் நாம் நேரே அடைத்துவைத்ததையும் நாம் தூர இருந்து தொந்தரவு செய்வதையும் ஒப்பிடுகிறோம்.

நம் பக்கத்திலேயே 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. பெயர்தான் திமிங்கிலம், குடும்பம் டால்பின். மீனவர்கள் படகில் இழுத்துக் கொண்டுபோய் விட்டும் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

ஆர்க்காவுக்கு மட்டும் ஏன் வேறு விடை?

ஆர்க்கா டால்பின் குடும்பத்திலேயே பெரியது. வட பசிபிக் கரையோரக் கூட்டங்களை 1970களிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் கவனிக்கிறார்கள். பிறந்து ஆறு மாதம் தாண்டிய பெண் ஆர்க்காவுக்கு அங்கே சராசரி ஆயுள் ஐம்பது வருடம் போல, ஆணுக்கு முப்பது. உச்ச வயது பெண்ணுக்கு எண்பதை எட்டும். பேரன் பேத்தி எடுத்த கிழவிகள் கூட்டத்துக்கு வழிகாட்டிப் போகும். தொட்டியில் 1995 கணக்குப்படி வருடத்துக்கு நூற்றுக்கு 94தான் தங்கின. கடலில் அந்த எண் 97ஐ ஒட்டியது.

2015இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் ஆர்க்காக்களை வைத்துக் காட்சி நடத்தும் சீவோர்ல்டு நிறுவன ஆட்கள் எழுதியது, எங்களிடம் ஆயுள் இப்போது கடலுக்குச் சமம் என்றது. மற்றது அங்கே முன்னாளில் பயிற்சியாளர்களாக இருந்த இருவர் எழுதியது, சமம் இல்லை என்றது. ஒரே வருடம், ஒரே பிராணி, இரண்டு ஐந்தொகை. அடுத்த வருடம் அந்த நிறுவனம் ஆர்க்காக்களை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்திக்கொண்டது.

பென் கோவில் பிடிபட்ட அந்த ஏழில் ஒன்று 53 வருடம் உயிரோடு இருந்தது. லொலீட்டா என்றும் டொக்கிட்டாய் என்றும் பெயர். மயாமியில் 2023 ஆகஸ்டில் செத்தது. அதன் தொட்டி 80 அடி நீளம், ஆழமான இடத்தில் 20 அடி. அதன் உடம்பே இருபது அடி. இது எவ்வளவு என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒருநாள் டேப் பிடித்து எங்கள் தெருப் பெரிய வீட்டை அளந்தோம். முகப்புத் திண்ணையில் ஆரம்பித்து, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டி, அடுத்த தெருவில் திறக்கும் கொல்லைக் கதவு வரை 168 அடி. ஆர்க்காவின் தொட்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வளவின் ஆத்தங்குடிக் கல்லில் நின்று, "இங்கயேவா சார் அம்பது வருசம்?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. ஆயுள் எண் ஐம்பதுக்கு மேல். பட்டியலில் போட்டால் அது தொட்டிக்குக் கிடைத்த வெற்றியாகத்தான் பதிவாகும்.

தொட்டியில் அதிக வயது வாழ்ந்தது எது?

நெல்லி. 1953இல் ஃபுளோரிடாவின் மரைன்லேண்டில் பிறந்து 2014இல், 61 வயதில் அங்கேயே இறந்தது. கடலில் நிக்லோ, தொட்டியில் நெல்லி, இரண்டும் அறுபதைக் கடந்தவை. விதிவிலக்கைக் காட்டி வாதாடுகிறவரிடம் இந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அது சிரித்துக்கொண்டே இருக்கிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கும்?

தாடை அமைப்பு. செத்துக் கிடந்த ஓங்கலும் அதே சிரிப்போடுதான் கிடந்தது.

நம் நாட்டில் டால்பின் காட்சி உண்டா?

இல்லை. இருந்தது, நம் தமிழ்நாட்டிலேயே. 1998இல் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்குள் எல்லாம் செத்துப்போயின. கருங்கடல் குளிரில் இருந்ததைச் சென்னை வெயிலில் கொண்டுவந்து வைத்த கூத்து அது. அந்த வருடம் பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர் ஒருவர் இன்னமும் "சூப்பரா இருந்துச்சு" என்பார். அவர் போனது முதல் மாதம்.

2013இல் மகாராஷ்டிரம், கேரளம் என்று சில இடங்களில் மறுபடி பேச்சு எழுந்தது. அந்த மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சுற்றறிக்கை விட்டு, டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்றது. டால்பின்களை மனிதரல்லாத ஆட்களாகப் பார்க்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் சிலர் சொல்வதையும் அதில் குறிப்பிட்டிருந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் அப்படி ஒரு வரியை நான் அதற்குமுன் படித்ததில்லை. கங்கை டால்பின் 2009இலேயே தேசிய நீர்வாழ் விலங்காகிவிட்டது, அது வேறு குடும்பம், கண் அநேகமாகத் தெரியாது, ஆற்றுக்கே உரியது.

இருப்பதையெல்லாம் கடலில் திறந்துவிட்டால் என்ன?

எத்தனை நாள் அடைபட்டிருந்தது என்பதில் இருக்கிறது. தென்கொரியாவில் ஜேடோல் என்ற ஆண் உட்பட, வலையில் சிக்கி விற்கப்பட்டு சில வருடமே காட்சியில் இருந்த மூன்று டால்பின்கள் 2013இல் ஜேஜு தீவுக் கடலுக்குத் திரும்பின. பழைய கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. 2016இல் அவற்றில் இரண்டு பெண்கள் குட்டியோடு நீந்துவதைப் பார்த்தார்கள். அதே கடலில் 2017இல் விட்ட இரண்டு, சுமார் இருபது வருடம் அடைபட்டிருந்தவை. அவற்றை அதற்குப்பின் யாரும் பார்க்கவில்லை.

சினிமாவில் நடித்துப் பெயர்வாங்கிய கெய்கோ என்ற ஆர்க்காவை 1979இல் ஐஸ்லாந்தில் பிடித்தார்கள். 2002இல் கடலில் விட்டபோது அது நார்வேக்கு நீந்திப்போய், கூட்டத்தோடு சேராமல், ஆட்கள் இருக்கும் படகையே தேடியது. 2003 டிசம்பரில் நிமோனியாவில் இறந்தது. தொட்டியில் பிறந்ததைக் கடலில் விடுவது, வீட்டில் வளர்ந்த கிளியைக் காட்டில் விடுவது போல. அவற்றுக்குக் கடலிலேயே வேலி போட்ட பெரிய இடம் அமைக்கலாம் என்கிறார்கள், அங்கங்கே முயற்சி நடக்கிறது, செலவு மலைக்க வைக்கும்.

வெளிநாட்டில் பிள்ளைகளைக் காட்சிக்குக் கூட்டிப்போகலாமா?

நான் போகமாட்டேன். ஆயுள் குறைவு என்பதற்காக அல்ல, அந்த வாதம் பாட்டில்மூக்கு டால்பினுக்கு இப்போது அவ்வளவு நிற்காது. டேப் பிடித்துப் பார்த்த அந்த 80 அடிதான் காரணம். உங்களுக்குப் போகத் தோன்றினால் போங்கள், ஆனால் அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: இவை இங்கே பிறந்தவையா, பிடித்துவந்தவையா? பிடித்தது என்றால் எந்தக் கடலில்? ஜப்பானின் தாய்ஜியில் கூட்டத்தை வளைத்து ஓட்டி, சிலதைக் காட்சிக்கு எடுத்துவிட்டு மற்றதை வெட்டுகிற இடம் உண்டு. அந்த வேட்டையிலிருந்து டால்பின் வாங்குவதில்லை என்று ஜப்பானியக் காட்சியகச் சங்கம் 2015இல் முடிவெடுத்தது. முடிவெடுக்கும் வரை வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தொண்டியில் டால்பின் தெரியுமா? கரை ஒதுங்கினால் என்ன செய்வது?

பாக் விரிகுடாவில் கூனல் முதுகு டால்பினும் பாட்டில்மூக்கின் நம் பக்கத்து உறவினமும் உண்டு. கண்ணில் படுவது அதிர்ஷ்டம். காற்று இல்லாத விடியற்காலை, தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும்போது போங்கள்.

உயிரோடு ஒன்று கரையில் கிடந்தால் வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்காதீர்கள். வயிறு தரையில் படும்படி நேராக வைத்து, ஈரத்துணியால் போர்த்துங்கள். தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் துணியும் படக்கூடாது, தண்ணீரும் போகக்கூடாது. வெயிலில் அதன் தோல் வெந்துபோகும், நிழல் கட்டுங்கள். செல்ஃபிக் கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்கோ கடலோரக் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். செத்துக்கிடந்தாலும் பல், எலும்பு எதையும் எடுத்துவராதீர்கள், சட்டப்படி குற்றம். அன்றைக்கு அந்தத் தேய்ந்த பல்லில் ஒன்று தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. நானும் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

போன தை மாதம் ஆச்சியும் பேத்தியும் என்னோடு தொண்டிக்கு வந்தார்கள். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. ஆச்சி கொண்டுவந்த சீப்புச்சீடையும் தீர்ந்துவிட்டது. கிளம்பலாம் என்று எழுந்தபோது தூரத்தில் முதுகுகள் எழுந்து அமிழ்ந்தன. பேத்தி நாலு என்றாள். ஆச்சி மூணுதான் என்றார். காரைக்குடி வந்துசேரும் வரை கணக்கு ஒத்துவரவில்லை.